கயிறு இல்லாத பிரதி

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பொகவந்தலாவையில் இறங்கியதும் முதலில் பனியைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பனியில் துணி காயாமல் வாழ்நாள் முழுக்கத் திண்டாடியவனிடம் வந்து "என்ன அழகு" என்றால் அவன் என்ன பதில் சொல்வது? தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். றிச்சர்ட் என்ற அந்த மனிதர் பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்தார். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டார்.

"கஸ்பர் மாஸ்டர், நம்பர் போடாத பிரதிய எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. அடுப்படிக்குப் போய் இரண்டாவது கோப்பையைத் தேடி எடுத்துக் கழுவினேன். மனைவி டோரீன் செத்து, மகளும் கொழும்புக்குப் போன பிறகு இந்த வீட்டில் ஒரு கோப்பைக்குத்தான் வேலை.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியாராக இருந்து பென்ஷன் எடுத்தவன். செய்வது மரச் செதுக்குப் படம். பலகையில் உருவத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தை மேலே விரித்து, அகப்பையின் முதுகால் தேய்த்தால் படம் காகிதத்தில் விழும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. அவ்வளவுதான் வித்தை. இருபத்தைந்து பிரதி என்று முடிவு செய்தால், ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை அடியில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்து வைப்போம். அவை விற்பதற்கு. அதற்கு வெளியே, வேலை நடக்கும்போதே எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கும், தனக்கென்று வைத்துக்கொள்வதற்கும் ஓவியன் எடுக்கிற பிரதிகள் சில உண்டு. அவற்றுக்கு எண் கிடையாது. ஆர்ட்டிஸ்ட் புரூஃப் என்பார்கள். அடியில் ஏ.பி. என்று இரண்டு எழுத்து மட்டும் போடுவோம்.

றிச்சர்ட் அவற்றை மட்டும் தேடிச் சேர்க்கிறவர். கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். நான் கேட்காமலே சொன்னார். தனியாக இருக்கிறவர்கள் அப்படித்தான், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவோம்.

"நம்பர் போட்டது எல்லாம் அடுத்தவனுக்காக எடுத்தது," என்றார். "இது நீங்க உங்களுக்காக எடுத்துப் பார்த்தது. எங்க தடுமாறினீங்க, எங்க திருத்தினீங்க, எல்லாம் இதுலதான் தெரியும். அதோட எண்ணிக்கையும் கொஞ்சம். சில நேரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். அந்த ஒண்ணைக் கையில வச்சிருக்கும்போது அந்த ஆளோட மேசைக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு."

"வீட்டுல சுவரெல்லாம் படமா இருக்குமே?"

"ஐயோ, இல்ல. வெளிச்சம் பட்டா காகிதம் போயிரும். அகலமா லாச்சி வச்ச அலுமாரி ரெண்டு செஞ்சிருக்கேன். எல்லாம் அதுக்குள்ள. இழுத்து இழுத்துப் பார்ப்பேன்."

"யாருக்குக் காட்டுவீங்க?"

"யாரு வர்றா?" என்று சிரித்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு அது.

என் படங்கள் இருப்பது ஒரு பழைய தேயிலைப் பெட்டியில். இப்போது தூளைக் காகித மூட்டையில் அனுப்புகிறார்கள். முன்பு பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். எந்த மழைக்கும் ஈரம் ஏறாது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அந்தப் பெட்டிகளின் மூடிகளில்தான் நான் செதுக்குவதும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்து நிற்கிற ஆட்கள். மழைக் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட காவல்காரன். மை போதாமல் பாதி முகம் வராத மாதா. றிச்சர்ட் அந்தப் பாதி மாதாவைத்தான் முதலில் எடுத்து வைத்தார். நாலைந்தைத் தேர்ந்தெடுத்தார்.

பெட்டிக்கு அடியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. மேலே 'அனுஷ்காவுக்கு' என்று என் எழுத்து.

"அது என்னது?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினொரு வருஷமாக நான் அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. ஒன்றை நன்றாகச் செய்தவனுக்கு, அதை ஒருத்தராவது பார்க்க வேண்டும் என்ற அரிப்பு இருக்கத்தானே செய்யும். நுணலும் தன் வாயால் கெடும். நான் நூலை அவிழ்த்தேன்.

ஒரு பெண்ணின் முகம். பத்தொன்பது வயது. ஒற்றைச் சடை தோளுக்கு முன்னால் கிடக்கிறது, பின்னணி முழுக்கக் கறுப்பு. இடது புருவத்துக்கு மேலே அம்மை போட்ட ஒரு சின்ன வடு, வெள்ளைப் புள்ளியாக.

றிச்சர்ட் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதில் ஒரு படத்தைத் தேடி, காகிதத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். என்னுடைய 'கொழுந்துக்காரி', இருபத்தைந்தில் பதினான்காவது பிரதி. எண் போட்ட படங்களில் அவர் வாங்கிய ஒரே ஒன்று அதுதான் என்றார். அதே முகம், அதே சடை. ஆனால் அதில் நெற்றிக்குக் குறுக்கே கூடைக் கயிறு ஓடுகிறது. தோளுக்குப் பின்னால் கறுப்பிலிருந்து கூடையின் விளிம்பு எட்டிப் பார்க்கிறது. வடு இல்லை. கயிறு அதை விழுங்கிவிட்டது.

"கயிறு வர்றதுக்கு முன்னாடி எடுத்தது," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இன்னும் எத்தன இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த முகம் அவருக்கு. விலையை நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"இது என்னோடது இல்லைங்க. என் மகளோடது. படத்துல இருக்கிறதும் அவதான்."

"பதினோரு வருஷமா உங்க பெட்டியில இருக்கே?"

நான் நூலைத் திரும்பக் கட்டினேன். அவர் நல்ல மனிதர், மேலே தோண்டவில்லை. "அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. நான் காத்திருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?" என்று விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பாதி மாதாவையும் மற்றவற்றையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

டோரீன் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். இருபத்திரண்டு வருஷம் கூடைக் கயிறு அவள் தலையில் தொங்கியது. உச்சியில் ஒரு தடம் விழுந்திருந்தது. தலை சீவும்போது சீப்பு அந்த இடத்தில் இறங்கி ஏறும். அனுஷ்காவுக்கு ஐந்து வயது இருக்கும்போது, விளையாட்டாக வெறுங்கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றாள். பிள்ளை மேல் ஒரு நாளும் கை நீட்டாத டோரீன் அன்றைக்கு ஓங்கி ஓர் அறை கொடுத்தாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவளே அழுதாள்.

நான் வாத்தியாரானாலும் நாங்கள் இருந்தது டோரீன் பேரில் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஓர் அறையில்தான். அவளுக்கு நெஞ்சில் வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, மகளைத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டால் காம்பிரா கையை விட்டுப் போகாது என்று சொன்னார்கள். பேர் பதிவது என்றால் செக்ரோலில் தொழிலாளியாகப் பேர் ஏறுவது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அப்படிப் பதிந்திருக்கிறார்கள், குற்றம் சொல்ல நான் யார். டோரீன் மட்டும் படுக்கையில் கிடந்தபடியே சொன்னாள்: "காம்பிரா போனா போகட்டும். இந்தக் கயிறு என்னோட போகணும்." காம்பிரா போனது. கடைத்தெருவுக்கு மேலே இந்த இரண்டு அறையைக் கட்டினோம். ஒரு வருஷம்தான் அவள் இதில் இருந்தாள்.

அனுஷ்கா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில் அந்தப் படத்தைச் செய்தேன். மூன்று பின்னேரம் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கழுத்து வலிக்கிறது என்று முனகுவாள், அம்மை வடுவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவாள். நான் விடவில்லை. அது இருந்தால்தான் அவள். முதல் பிரதியைத் தேய்த்து முடித்ததும் காகிதத்தின் ஒரு நுனியைப் பிடித்து அவள்தான் மெல்ல உரித்தாள். உரித்துப் பார்த்துவிட்டு, "அட, நாந்தான்," என்றாள். டோரீன் போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெறுபேறு வந்தது, அவள் கொழும்பு கெம்பஸுக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் கொழும்புக் கண்காட்சி ஒன்றுக்குப் படம் தேட ஒருவர் வந்தார். முதல் பிரதியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல முகம். ஆனா எந்த ஊருப் பொண்ணுன்னு தெரியலையே. பார்த்தவுடனே மலைநாடு தெரியணும் மாஸ்டர்." அவர் சொன்னது அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கொழும்பில் ஒரு சுவர் கிடைக்காதா என்று இருபது வருஷம் காத்திருந்தவன் நான். உளியும் என் கையில்தான் இருந்தது.

அவர் போய் ஒரு மணித்தியாலத்தில் கயிறு வந்துவிட்டது. நெற்றியைக் குறுக்கே கீறி, முறுக்குத் தெரிகிற மாதிரி இழைகளை விட்டேன். கறுப்பாக விட்டிருந்த பின்னணியில் கூடையின் விளிம்பைச் செதுக்கினேன். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இது இந்த வேலையில் முதல் நாளே தெரிகிற விஷயம். தெரிந்துதான் வெட்டினேன். கயிறு நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷம்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்தும் விற்றன. கண்காட்சிக்கு அடித்த பெரிய சுவரொட்டியிலும் அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். அனுஷ்காவின் கெம்பஸ் மதிலில் வரிசையாக ஒட்டியிருந்தார்களாம். கூடப் படித்த பிள்ளைகள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் கொடுமை. கொழுந்து எடுத்துக்கொண்டே படித்து வந்த பிள்ளை என்று ஒரு விரிவுரையாளர் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கை தட்டச் சொல்லியிருக்கிறார். அவளும் எழுந்து நின்றிருக்கிறாள்.

விடுமுறைக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நான் எப்பப்பா கொழுந்து எடுத்தேன்?"

நான் சிரிக்கப் பார்த்தேன். "படந்தானே புள்ள."

"கொழுந்து எடுக்கிறது கேவலம்னு நான் சொல்லல. அம்மா எடுத்தாங்க. ஆனா அம்மா என்னைய பேர் பதிய விடல. நீங்க பதிஞ்சுட்டீங்க."

அதற்கும் நான், படம் என்றால் அப்படித்தான் என்று ஏதோ பெரிய மனிதன் மாதிரி பேசினேன். அவள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். பிறகு இந்த வீட்டுக்கு வரவில்லை. நத்தார் பண்டிகைக்குப் பேசுவாள், என் பிறந்தநாளுக்குப் பேசுவாள். சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா, மழையா. எல்லாக் கேள்விக்கும் என் பதில் ஆமாம்தான்.

அவள் போன கிழமையே முதல் பிரதியை எடுத்துச் சுற்றிப் பேர் எழுதி வைத்தேன், வரும்போது கொடுக்கலாம் என்று. தபாலில் அனுப்பியிருக்கலாம். பயம். திருப்பி அனுப்பிவிட்டால்? பெட்டிக்குள் இருக்கிற வரைக்கும் அது நான் கொடுக்கப்போகிற பொருள். அப்படியே பதினொரு வருஷம் போனது.

றிச்சர்ட் வந்து போன மூன்றாம் நாள் அனுஷ்காவுக்குப் போன் எடுத்தேன். நத்தாரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை, அவள் பயந்துவிட்டாள்.

"உடம்புக்கு ஏதாவதாப்பா?"

"இல்ல. ஒரு சாமான் தரணும். நானே கொண்டு வர்றேன்."

"பன்னெண்டரைக்கு அரை மணித்தியாலம் வெளிய வர முடியும்," என்றாள்.

பிரதியை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பொலித்தீனில் சுற்றி, கொழும்பு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள், நான் இறங்கவில்லை. 'நான் செஞ்சது பிழை, புள்ள' என்று ஒரு வசனத்தை வைத்திருந்தேன். அதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்கு வெள்ளைக் கோட்டோடு வந்தாள். நெஞ்சில் பேர் எழுதிய அட்டை குத்தியிருந்தது. காதோரத்தில் நாலு நரை. எனக்குத் தெரியாமல் வந்த நரை அது.

"சீனி போடச் சொல்லவாப்பா?"

"வேணாம். சீனி வருத்தம்."

"எப்பருந்து?"

"நாலு வருஷமா."

இரத்தத்தில் சீனி பார்ப்பதுதான் அவள் தினமும் செய்கிற வேலை. மேசையைக் கடதாசியால் நன்றாகத் துடைத்தாள். நான் பொலித்தீனைப் பிரித்தேன்.

நீண்ட நேரம் பார்த்தாள். தேத்தண்ணி வந்தது, ஆறியது.

"இது நான் உரிச்சதுதானே?"

"ஆமா."

"கிழிச்சுப் போட்டிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

"உனக்குன்னு வச்சிருந்தேன். கொழும்புல ஒருத்தரு, இப்படி நம்பர் இல்லாத பிரதியா சேர்க்கிறவரு, விலைக்குக் கேட்டாரு. குடுக்க மாட்டேன்னுட்டேன். நீ எடுத்துக்க." பிறகு அந்த வசனத்தையும் சொன்னேன். "நான் செஞ்சது பிழை, புள்ள."

வழியெல்லாம் சொல்லிப் பழகியது, ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அவள் காகிதத்தைத் தொடாமல், விரலைப் புருவத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வடுவக்கூட விடல நீங்க. அப்ப நான் எப்படி இருக்கேன்னு உங்களுக்கு நல்லா தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

"தெரியும்."

"கயிறோட இருக்கிறது எத்தன வீட்டுல இருக்கு?"

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு வீட்டுல நான் கொழுந்துக்காரி. இது ஒண்ண நான் எடுத்துட்டுப் போனா எங்க வைப்பேன்? போடிங் அறையில கட்டிலுக்குக் கீழ வைப்பேன். உங்க பெட்டியில இருந்தது என் பெட்டிக்கு வரும். அப்புறம்?"

நான் தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்தவன்.

"அவருக்கே குடுத்துடுங்க," என்றாள். "ஒரு வீட்டுலயாவது கயிறு இல்லாம இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பதினொரு வருஷம் காத்து வைத்திருந்ததை இரண்டு கையாலும் நீட்டுகிறேன், இவள் யாரோ ஒருவருக்குக் கொடு என்கிறாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. யோசித்துப் பேசினாள், டோரீன் மாதிரி.

"சும்மா குடுக்க வேணாம். லாச்சியில வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. கயிறோட இருக்கிறதும் அவருகிட்ட இருக்கா?"

"பதினாலாம் நம்பர் இருக்கு."

"ரெண்டையும் சுவத்துல பக்கத்துல பக்கத்துல மாட்டணும். வீட்டுக்கு வர்றவங்க பார்க்கிற இடத்துல. எது முதல்ல வந்துச்சு, எது அப்புறம் வந்துச்சுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டும்." காகிதத்தின் அடியில் குனிந்து பார்த்தாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஏ.பி.ன்னு. அப்புறம் என் கையெழுத்து."

"பேரு?"

"படத்துக்கா? எழுதல."

"எழுதுங்க."

கோட்டுப் பையிலிருந்து பேனாவை நீட்டினாள். பென்சிலில்தான் எழுத வேண்டும் என்றேன். எழுந்து போய்க் காசு மேசையில் இருந்தவரிடம் ஒரு கட்டைப் பென்சில் வாங்கி வந்தாள். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு, 'அனுஷ்கா, பத்தொன்பது வயது' என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே வாசித்தாள். சரி என்றாள். அவளே திரும்பச் சுற்றிக் கட்டினாள், முடிச்சு என்னைவிட நன்றாகப் போட்டாள்.

"மாட்டினதும் அவரு விலாசத்த அனுப்புங்க. ஒரு நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்."

"வீட்டுக்கும் ஒரு தடவை..." என்று தொடங்கினேன்.

"நேரமாச்சுப்பா," என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "காலையில வெறும் வயித்துல ஒருக்கா சீனி பார்த்து எனக்கு எழுதுங்க."

அங்கிருந்து நேரே றிச்சர்ட் வீட்டுக்குப் போனேன். பெரிய வீடு. சுவரில் ஒரு மணிக்கூடு, ஒரு கலண்டர், வேறு ஒன்றும் இல்லை. அனுஷ்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மனிதர் துடித்துப்போனார்.

"மாஸ்டர், இது ஒண்ணே ஒண்ணு. சுவத்துல மாட்டினா மங்கிப் போகும். நான் முப்பது வருஷமா வெளிச்சம் படாம ஒவ்வொண்ணையும் காப்பாத்துறவன்."

"அப்ப நான் திரும்பக் கொண்டுபோறேன்."

பொதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். லாச்சி அலுமாரி இருந்த அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கையில் பதினான்காம் பிரதி இருந்தது.

"நல்ல கண்ணாடி போடுவோம்," என்றார். "நான் இருக்கிற வரைக்கும் தாங்கும்."

என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன். எந்தச் சுவர் என்று நாங்கள் இரண்டு பேரும் பின்னேரம் வரைக்கும் வாதம் செய்தோம். வாசலைத் திறந்ததும் தெரிகிற சுவர் என்று முடிவானது. கடைசி பஸ்ஸில் திரும்பினேன். வரும்போது மடியில் ஒன்றும் இல்லாதது என்னவோ போல் இருந்தது.

ஆறு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் றிச்சர்ட் போன் எடுத்தார்.

"உங்க மக வந்திருந்தாங்க மாஸ்டர். கூட வேலை செய்யிற ரெண்டு பேரையும் கூட்டிட்டு."

நான் அடுப்பைத் தணித்தேன். "என்ன செஞ்சா?"

"ரெண்டு படத்துக்கும் முன்னாடி நின்னாங்க. ரொம்ப நேரம். கூட வந்த பிள்ளை ஒண்ணு, எது உண்மையில நீன்னு கேட்டுச்சு. இவங்க அந்த வடுவக் காட்டி, அப்புறம் தன் நெத்தியக் காட்டினாங்க. யாரு செஞ்சதுன்னு மத்தவ கேட்டா. கீழ இருந்த கையெழுத்தக் காட்டி, எங்கப்பான்னாங்க."

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"தேத்தண்ணி குடிச்சாங்க. திரும்ப வர்றேன்னு சொன்னாங்க."

"எங்க?"

"இங்கதான்," என்றார் றிச்சர்ட். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பிள்ளைகள் கனடாவில் இருக்கிற மனிதர், வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. நல்லது என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வீட்டுக்குப் போகிறவள், மலைக்கு வருகிற ஹட்டன் பஸ்ஸில் ஏறி இங்கேயும் ஒரு நாள் வரலாம். வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீனி பார்த்து அவளுக்கு எழுதுகிறேன், சரி என்று ஒரு சொல்லில் பதில் வருகிறது. றிச்சர்டுக்காகத் தேடி எடுத்த அந்த இரண்டாவது கோப்பையை நான் திரும்ப உள்ளே வைக்கவில்லை. வெளியில் இருந்தால் அடுப்புப் புகை படிகிறது. அதனால் காலையில் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.